ரோட்டைப் பார்த்துப் பறந்தவர்

கார்த்திகை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.

விடிந்து சிறிது நேரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு தனியார் ஓடுதளத்திலிருந்து, ஒற்றை எஞ்சினும் நான்கு இருக்கைகளும் கொண்ட சிறிய விமானம் ஒன்று சேலம் நோக்கிப் புறப்பட்டது. உள்ளே இருந்தவர் ஒருவர், ஓட்டியவரும் அவரே. தரையைக் கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கான உரிமம் அவரிடம் இருந்தது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான தகுதி இல்லை. புறப்பட்ட இடத்தில் வானம் தெளிவாக இருந்தது. சேலத்தில் வெயில் அடித்தது. இரண்டுக்கும் நடுவில், தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயில், மேகம் மலைச் சரிவில் பாதி வரை இறங்கியிருந்தது. விமானம் நெடுஞ்சாலைக்கு நேர் மேலே மிகத் தாழ்வாக வந்ததைத் தேநீர்க் கடையில் நின்ற லாரி ஓட்டுநர்கள் பார்த்தார்கள். பிறகு ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கணவாயின் கிழக்குச் சரிவில் விமானம் மோதியது. ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்தார். எஞ்சினில் குறை ஏதும் இருந்ததாக விசாரணையில் தெரியவில்லை. எரிபொருள் போதிய அளவு இருந்தது.

அதே காலையில், நாமக்கல்லை அடுத்த ஓர் ஊரில், அவருடைய குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. முதல் மரியாதையாகத் தலையில் கட்டப்படும் பரிவட்டம் அன்று யாருக்கும் கட்டப்படவில்லை.

இறந்தவர் என் தங்கையின் கணவர். முறைப்படி நான் அவரை மாப்பிள்ளை என்று அழைத்தேன். அவர் என்னை மச்சான் என்றார். மேலே உள்ள பத்திகளை அவர் படித்திருந்தால், "ஏனுங்க மச்சான், செத்தவனப் பத்தி எழுதறீங்க, சரி. அதுக்குன்னு கல்லப் பத்தி எழுதற மாதிரியேவா எழுதறது?" என்று கேட்டிருப்பார். கேள்வி நியாயமானது. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவருடைய வாயில் எனக்குக் கல்லு வாத்தியார் என்று பெயர். பாறையைப் பற்றி எழுதிப் பழகிய கைக்கு வேறு நடை வருவதில்லை.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு கடமை. விருந்தில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதைப் போல, பேச்சைத் தொடங்குமுன் ஒரு குத்து குத்திவிட வேண்டும். அவர் போன பிறகு அந்தக் கடமை ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழக்கத்தின் காரணமாக என் பங்கை நான் நிறுத்தவில்லை. வாசகர்கள் இதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

இதை எழுதுவதற்கு அவர் ஒருவரே காரணம் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரே மகள். அவளும் விமானம் ஓட்டக் கற்கிறாள். அப்பாவைப் போலப் பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாகவே கொள்ள. கருமாதி முடிந்த மறுநாள், அவள் மறுபடியும் பயிற்சிக்குப் போகலாமா கூடாதா என்ற கேள்வியை என் தங்கை என்னிடம் ஒப்படைத்தாள். தாய்மாமன் சொன்னால் பெண் தட்டமாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. கணவரைப் பறிகொடுத்தவள் தன் ஒரே மகளை என் நாக்கு நுனியில் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கேள்வி எப்படி முடிந்தது என்பதே இங்கு நான் சொல்ல வேண்டியது. அதற்கு முன் மாப்பிள்ளையைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும்.

அவர் லாரிக்காரர். கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, ஒரு லாரி வாங்கி, பிறகு ஒரு வரிசை லாரிகள் வாங்கியவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுக்க மருத்துவர்கள் ஆவலோடு காத்திருக்கும் பருவத்தில், அவருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. மருத்துவர்களுக்கு ஏமாற்றத்தைக் கொடுத்துவிட்டு எல்லாப் பரிசோதனையிலும் தேறினார். படித்தார், தேர்வு எழுதினார், உரிமம் பெற்றார். பெங்களூர் நண்பர்கள் இருவரோடு கூட்டாக ஒரு பழைய விமானத்தை வாங்கினார். அதைக் கடைசி வரை அவர் விமானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி. "வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்றால் எந்த வண்டி என்று நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆயுத பூஜைக்கு வண்டியின் மூக்கில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். பூசணிக்காயையும் கொண்டுபோயிருந்தார். ஓடுதளத்துப் பொறுப்பாளர் ஓடி வந்து, பூசணிக்காயை உடைத்தால் அன்றைய பறத்தல் அத்தனையும் ரத்து என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு எலுமிச்சம்பழம் அனுமதிக்கப்பட்டது. நசுங்கியதை உரிமையாளரே கடைசிச் சுளை வரை பொறுக்கி எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளை வேட்டியோடு ஓடுதளத்தில் மண்டியிட்டு எலுமிச்சைத் தோல் பொறுக்கிய கோலத்தை அவரே பெருமையாகப் படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். பறக்கக் கற்றுக்கொண்டவர் தரையைக் கூட்டுகிறார் என்று பதில் எழுதினேன்.

ஒரு முறை என்னையும் ஏற்றிக்கொண்டார். சேலத்துக்கு வடக்கே உள்ள விமானத் தளத்திலிருந்து கிளம்பி, நாமக்கல் கோட்டைப் பாறை வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. மேலே போனதும் நான் எதிர்பார்த்தது வேறு. திசைகாட்டி, வரைபடம் என்று ஏதாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது ரோட்டை. சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையை இடது பக்கத்துச் சன்னலுக்குக் கீழே பிடித்து வைத்துக்கொண்டு, அது வளைந்த இடத்தில் தாமும் வளைந்தார்.

"அந்தா பாருங்க மச்சான், டோல்கேட்டு. இன்னிக்குக் கூட்டமே இல்ல."

"அதுக்கு நாம என்ன பண்ணோணும் மாப்பிள்ளை?"

"ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க. மேல போறவனுக்கு டோல் இல்லீங்கல்ல, அந்த சந்தோசந்தான்."

பேச்சோடு பேச்சாக, மேகம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். எனக்கு அப்போது தெரிந்திருந்த மேகம் கல்லூரி மாடியிலிருந்து பார்க்கும் மேகம்தான்; அச்சத்தில் எழுந்த கேள்வி, அறிவில் எழுந்ததன்று.

"பனியில லாரி ஓட்டுனதில்லீங்களா நாம? முன்னாடி போற வண்டியோட செவப்பு லைட்டப் புடிச்சுக்கிட்டா ஊடு வந்து சேந்தர்லாம்."

"இங்க முன்னாடி வண்டி ஏதுங்க?"

"கீழ ரோடு இருக்குதில்லீங்க."

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். திரும்பிர்லாமில்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. "லோடு ஏத்துன வண்டி எங்கியாச்சும் நடு ரோட்டுல திரும்புமுங்களா? கல்லு வாத்தியாருக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது."

திரும்பும் வழியில் பனமரத்துப்பட்டி ஏரியைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் அது அடைகாக்கும் கோழியைப் போல் இருக்கிறது என்றார். நாமக்கல்காரருக்கு எதைப் பார்த்தாலும் கோழி தெரியும் என்றேன்; வரைபடத்தில் அது விரித்த உள்ளங்கை. அவர் வண்டியைச் சாய்த்து, இப்போது பாருங்கள் என்றார். சாய்ந்த கணத்தில் நான் கண்களை இறுக மூடிக்கொண்டதால் தகராறு தீரவில்லை. "இன்னொருக்கா கூட்டிட்டுப் போறேன். கண்ணத் தொறந்துட்டு வாங்க" என்றார்.

ரோட்டைப் பார்த்து ஓட்டுவது பற்றி அவருடைய மகளும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் அது என் காதுபடவே நடந்தது.

"ரோடு மலைக்குள்ள போகுங்கப்பா. நீங்களும் பின்னாலயே போவீங்களா?"

"ரோடு போற எடத்துல எனக்கென்ன? அந்த ரோட்டுல நான் கண்ண மூடிட்டுப் போவேன்."

"அதான் பிரச்சினைங்கறேன்."

"மச்சான், இவ உங்க ஊட்டுப் பொண்ணுங்க. எங்க கூட்டத்துல இத்தன கேள்வி யாரும் கேக்கமாட்டாங்க."

கூட்டம் என்று அவர் சொன்னது குலத்தை. அந்தக் கூட்டத்தின் கோயிலில்தான் பரிவட்டம். தலைப்பிள்ளை வழியில் மூத்தவருக்கு முதல் பரிவட்டம் என்பது விதி. மாப்பிள்ளையும் அவருடைய பங்காளி ஒருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். எவர் மூத்தவர் என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொரு பூஜையிலும் யார் முன்னால் வந்து நிற்கிறாரோ அவர் தலையில் துணி ஏறியது. அதன் விளைவாக, வாழ்நாளெல்லாம் எதற்கும் நேரத்துக்குப் போகாத இரண்டு பேர், கோயிலுக்கு மட்டும் பூசாரிக்கு முன்பே போய் நின்றார்கள். பங்காளி கோழிப் பண்ணை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மாப்பிள்ளையை அவர் ஒரு நாளும் அண்ணன் என்று அழைத்ததில்லை. அழைத்தால் வழக்கு முடிந்துபோகும்.

குடமுழுக்குக்கு முந்தைய நாள் மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் புது லாரிகள் வாங்கும் வேலை. அது சாயங்காலம் வரை இழுத்துவிட்டது. என் தங்கை காரில் கிளம்பி வரச் சொன்னாள். "காலையில வண்டியிலயே வந்தர்றேன். ஒரு மணி நேரம். நான் வர்லீன்னா அவன் தலையில கட்டிருவாங்க" என்றாராம். காரில் வந்தால் பரிவட்டம் மட்டும் கிடைக்கும். வானத்திலிருந்து இறங்கி வந்தால், பங்காளி வாயைப் பிளந்து நிற்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டாவதை அவர் எவ்வளவு விரும்பியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் விரும்பியிருப்பேன்.

அந்தக் கிழக்குச் சரிவின் பாறையை எனக்குத் தெரியும். மாணவர்களை அழைத்துக்கொண்டு பலமுறை ஏறியிருக்கிறேன். கரும்பச்சை நிறச் சார்னோகைட். சுத்தியலுக்கு எளிதில் இடம் கொடுக்காது. மனிதர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது அங்கே நிற்கிறது. நாற்பது ஆண்டுக் காலம் நெடுஞ்சாலையில் ஒலிப்பான் அடித்து எல்லாரையும் ஒதுங்க வைத்தவருக்கு, ஒதுங்காத ஒன்று எதிரில் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். இதை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கருமாதிக்கு வந்த உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எஞ்சின் பழையது என்றார் ஒருவர். எரிபொருளில் கலப்படம் என்றார் இன்னொருவர். கோயில் வேலையில் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னபோது, கோயில் வேலையை மேற்பார்த்த பெரியவர் எழுந்து வெளியே போனார். மேகம் என்று யாரும் சொல்லவில்லை. மேகம் ஒரு காரணமாக இருக்க முடியும் என்பது ஆண்டு முழுவதும் மழைக்காக அண்ணாந்து பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவில்லை.

பங்காளி கடைசியில் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. என் தங்கையின் எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து மடித்த பட்டுத் துணியை எடுத்துத் தரையில் வைத்தார். பரிவட்டத் துணி. மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கட்டலீங்கம்மா," என்றார்.

என் தங்கை துணியைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தி முடிஞ்சதும் பூசாரி என்னயத்தான் கூப்புட்டாரு. நான்தானுங்க நிறுத்துனேன். அண்ணன் வந்துட்டிருக்குது, வரட்டும்னேன். பொழுது உழுந்தாலும் நிப்போம்னு சொன்னேன். எல்லாரும் வெய்யில்ல நின்னாங்க." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கட்டிக்கிட்டா அப்பறம் நான் ஆரு கூடப் போட்டி போடறதுங்க?"

அண்ணன் என்று அவர் சொன்னதை அங்கிருந்த எல்லாரும் கவனித்தார்கள். கேட்க வேண்டியவர் மாலை போட்ட படமாக இருந்தார்.

என் தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அத ஒரு போனப் போட்டு அவியகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"நாங்க பேச்சு வார்த்தையிலயே இல்லீங்களேம்மா," என்றார் அவர்.

பிறகு என் தங்கை எழுந்து உள்ளே போய், அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் உறவுக்கூட்டம் கலைந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவர். தங்கை, அவள் மகள், நான். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"சொல்லுங்கண்ணா. இவ போகோணுமா, வேண்டாமா? நீங்க வேண்டாம்னா நின்னுக்குவா."

"நின்னுக்குவேனுங்க மாமா," என்றாள் பெண். குரலில் சவால் இல்லை. "ஆனா வேண்டாங்கறதுக்கு முன்ன, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு ஒருக்காக் கேட்டுக்கங்க."

மேசை மேல் நீளமாக ஒரு கரண்டியை வைத்தாள். அது ரோடு. கரண்டியின் தலைப்பக்கம் இரண்டு சொம்புகளை இருபுறமும் வைத்தாள். அவை மலைகள். என் தோளில் கிடந்த துண்டைக் கேட்காமலே எடுத்து, சொம்புகளின் மேல் விரித்தாள். உப்புக் கிண்ணம் அவளுடைய அப்பா.

"இங்க வர்ற வரைக்கும் வானம் நல்லா இருக்குது. இங்கயிருந்து மேகம் எறங்குது. ரோட்ட உட்டுறக் கூடாதுன்னு அப்பாவும் எறங்கறாரு. இன்னும் எறங்குது, அவரும் எறங்கறாரு. ரோடு மலைக்குள்ள போகுது." உப்புக் கிண்ணம் துண்டுக்கு அடியில் போனது. "இப்ப மேல மேகம். ரெண்டு பக்கமும் மலை. திரும்பறதுக்கு எடம் வேணும். இருந்துச்சு. தருமபுரி பக்கத்துல நெறைய இருந்துச்சு."

"உள்ள போனப்பறம்?" என்று கேட்டேன்.

"உள்ள போனப்பறம் மேல எது கீழ எதுன்னு ஒடம்பு பொய் சொல்லுமுங்க. வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு போயிட்டிருக்கும். நமக்கு நேராப் போற மாதிரியே இருக்கும். பள்ளியில எங்களுக்கு வெளிய தெரியாம மறைச்சு ஓட்ட வெச்சாங்க. நேராத்தான் போறேன்னு நான் சத்தியமே பண்ணியிருப்பேன். மீட்டரப் பாத்தா சாஞ்சு கெடக்குது."

"உங்கப்பாவுக்கு இது தெரியாதா?"

"படிச்சிருக்காருங்க. நீங்களுந்தான் சக்கரையப் பத்தி எல்லாம் படிச்சிருக்கீங்க. நேத்து எத்தன லட்டு சாப்ட்டீங்க?"

இந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண் என்று மாப்பிள்ளை சொன்னது தவறு. அவருடைய பெண்தான்.

"அப்பாவ மேகம் கொல்லலீங்க மாமா," என்றாள். "இங்க ஒரு கும்பல் நிக்குது, நேரத்துக்குப் போகலீன்னா போச்சுன்னு நெனச்சாரு. ஆனா எல்லாரும் காத்துட்டுத்தான் இருந்திருக்கீங்க. அது அவருக்குத் தெரியாமப் போச்சு. எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். அதுக்குப் பள்ளி இருக்குது. ஊட்டுல ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் வர்லீன்னு சொன்னா, ஏன் வர்லீன்னு ஆரும் கேக்கக் கூடாது."

"அதெப்புடி அம்மிணி கேக்காம இருக்கறது?" என்றாள் என் தங்கை. "பெத்தவ கேக்கமாட்டனா?"

"கேக்கக் கூடாதுங்கம்மா. 'ஏன் வர்ல'ங்கறது, 'இங்க நல்லா வெயிலடிக்குதே'ங்கறது, 'எல போட்டாச்சே'ங்கறது, 'ஒரம்பரை சனமெல்லாம் என்ன நெனைப்பாங்க'ங்கறது. இந்த நாலும் கூடாது."

எங்கள் பகுதியின் விருந்தோம்பல் முழுவதும் அந்த நான்கு வாக்கியங்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் ஒரு குடும்பம் தொலைபேசியில் என்னதான் பேசும் என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். துண்டுக்கு அடியில் உப்புக் கிண்ணம் இன்னும் இருந்தது. துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"போகட்டும்," என்றேன். "கேக்காம இருக்கறதுக்கு நாம பழகிக்கலாம்."

என் தங்கை தலையாட்டினாள். சம்மதமா, கேட்டுக்கொண்டதற்கு அடையாளமா என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவளுடைய கைப்பேசி அடுப்படி மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஒலிக்கும் போதெல்லாம் அவள் எடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பதைப் பார்த்தேன். அந்தக் கணத்தில், போகட்டும் என்று நான் சொன்ன ஒற்றைச் சொல் எங்கே நின்றது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஐப்பசியில், பயிற்சியின் ஒரு பகுதியாக, தங்கை மகள் தனியாக ஓட்டிக்கொண்டு சேலம் தளத்தில் வந்து இறங்கித் திரும்ப வேண்டியிருந்தது. கர்நாடகப் பக்கத்திலிருந்து வருவதால் அதே கணவாய் வழி. இறங்கிய பின் சிறிது நேரம் வெளியே வந்து பார்க்க அனுமதி உண்டு என்று சொல்லியிருந்தாள். என் தங்கை விடியலுக்கு முன் எழுந்து அரிசிம்பருப்புச் சாதமும் நாட்டுக்கோழி வறுவலும் செய்து, அடுக்குப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டாள். பங்காளியும் வந்தார். தளத்தின் வேலிக்கு வெளியே, புங்கமரத்தடியில் நின்றோம். பங்காளி வாழையிலைக் கட்டோடு ஒரு தட்டு முட்டையும் கொண்டுவந்திருந்தார்.

"முட்டை எதுக்குங்க?" என்றேன்.

"புள்ள திரும்பிப் போறப்பக் குடுத்துடறதுக்குங்க."

"விமானத்துலயா?"

"அண்ணன் வண்டின்னா நான் குடுத்திருக்கமாட்டேன். இந்தப் புள்ள நல்லா ஓட்டும். ஒண்ணும் ஒடையாது."

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கஞ்சமலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வடகிழக்கே, சேர்வராயன் மலையின் தோளில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒதுங்கியிருந்தது. ஒருவேளை அது ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நான் அதைப் பார்த்தேன், தங்கையும் பார்த்தாள், இருவரும் பார்க்காததுபோல் நின்றோம்.

பெண் சொன்ன நேரம் வந்தது, போனது. பங்காளி முட்டைத் தட்டை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவருடைய கேலிகள் நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஒரு விமானத்தின் ஓசையைக் கேட்டு மூவரும் நிமிர்ந்தோம். அது நெடுஞ்சாலையில் ஏறிய, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி. என் தங்கை முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். போகட்டும் என்ற சொல்லைத் திரும்பப் பெற முடிந்திருந்தால், அந்த மரத்தடியில் நான் பெற்றிருப்பேன்.

கைப்பேசி ஒலித்தது. இந்த முறை அவள் நிற்கவில்லை, எடுத்துவிட்டாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினாள்.

"அம்மா. நான் வர்லீங்கம்மா. பாதியில திரும்பிட்டேன். கெளம்புன எடத்துக்கே வந்து எறங்கிட்டேன்."

என் தங்கையின் வாய் திறந்தது. அதில் உருவான சொல் என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பங்காளி முந்திக்கொண்டார். "இங்க வெயிலு நல்லா…"

தங்கை கையை உயர்த்தினாள். அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டார். கோயிலில் எத்தனையோ பெரியவர்கள் முயன்றும் நடக்காதது அது.

"சரி சாமி," என்றாள் என் தங்கை. குரலைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொன்னாள். "சரி சாமி. சாப்ட்டயா?"

"இன்னும் இல்லீங்கம்மா."

"போயிச் சாப்புடு மொதல்ல."

அவ்வளவுதான் பேச்சு. நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட முழுதாகச் சொல்லப்படவில்லை. தங்கை கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு இலைக்கட்டைப் பிரித்தாள். மரத்தடியில் மூன்று இலை விரித்தாள். "உக்காருங்க. ஆறிப்போகுது," என்றாள்.

பங்காளி முதல் கவளத்தை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் வடக்கே பார்த்தார்.

"எனக்கு ஒரே சந்தேகமா இருக்குதுங்க," என்றார். "இது எங்கண்ணன் புள்ளதானா? நடு ரோட்டுல திரும்பிட்டுப் போயிருச்சே."

என் தங்கை சிரித்தாள். ஓராண்டுக்குப் பிறகு என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனாலும் பதிவு என்றால் பதிவுதான்: ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். நான் வேண்டாம் என்று கையை மறித்த பிறகும் வைத்தாள்.

செய்யாமல் நிற்பவை:

பரிவட்டத் துணி பங்காளி வீட்டு பீரோவில் இருக்கிறது. அடுத்த பூஜையில் அதை அண்ணன் மகள் தலையில் கட்ட வேண்டும் என்கிறார் அவர். பெண்ணுக்குக் கட்டுவது உண்டா என்று கூட்டத்தார் இன்னும் பேசுகிறார்கள். நான் ஒரு வார்த்தை போய்ச் சொல்ல வேண்டும்.

தொப்பூரின் கிழக்குச் சரிவுக்கு இன்னும் ஏறவில்லை. போகும்போது சுத்தியல் வேண்டாம்.

மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி காது உடைந்து, அவர் கொடுத்தபடியே நாமக்கல்லில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கிடக்கிறது. வாங்கி வர வேண்டும்.

பனமரத்துப்பட்டி ஏரி கோழியா, உள்ளங்கையா என்பதை மேலிருந்து பார்த்துத் தீர்க்க வேண்டும். ஓட்டுவதற்கு ஆள் தயாராகிக்கொண்டிருக்கிறாள். நாள் குறிக்கவில்லை, குறிக்கப்போவதும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.